கலையும் காசும் - 6: ஈரம் காயாத ஓவியங்கள்

அமெரிக்கக் குடியிருப்புகளில் வாரக்கடைசியில் நடக்கும் 'கராஜ் சேல்' பற்றிச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். வாசலில் மேஜையைப் போட்டு, பழைய டோஸ்டர், பிள்ளைக்குச் சின்னதாகிவிட்ட சட்டை, படித்து முடித்த புத்தகம் என எல்லாவற்றையும் ஒரு டாலர், இரண்டு டாலருக்குத் தள்ளிவிடுவார்கள். அதே மேஜையில் தான் வரைந்த ஓவியத்தையும் வைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது விற்காது. நாற்பது டாலர் என்றால், "அஞ்சுக்குத் தர்றீங்களா?" என்று கேட்பார்கள். கேட்பவர் மேல் தப்பில்லை. கழித்துப்போட்ட பொருளை வாங்க வந்தவர் கண்ணுக்கு அங்கிருப்பதெல்லாம் கழித்துப்போட்டதாகத்தான் தெரியும்.

அப்படியானால், கேலரிக்காரர்கள் கதவைத் திறக்காத ஓவியர் எங்கே போய் விற்பது? ஃபுளோரிடாவின் கிழக்குக் கடற்கரையில் ஃபோர்ட் பியர்ஸ் என்றொரு ஊர். 1950களில் அங்கே கறுப்பின இளைஞர்களுக்குக் கிடைத்த வேலை, ஆரஞ்சுத் தோப்பில் பழம் பறிப்பதும் பெட்டியில் அடுக்குவதும்தான். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று எல்லாம் பிரிந்து கிடந்த காலம். பீன் பேக்கஸ் என்ற வெள்ளைக்கார ஓவியர் மட்டும் தன் வீட்டுக் கதவை யாருக்கும் சாத்தவில்லை. வெல்வெட் துணியில் சமயப் படங்கள் வரைந்துகொண்டிருந்த ஹெரால்டு நியூட்டனை நிலக்காட்சியின் பக்கம் திருப்பியது அவர்தான். ஆல்ஃபிரட் ஹேர் என்ற பள்ளி மாணவனை ஓவிய ஆசிரியை ஸெனோபியா ஜெஃபர்சன் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஹேர் கெட்டிக்காரர். பேக்கஸுக்குக் கிடைக்கிற விலை தனக்குக் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே வேகமாக வரைவது, குறைந்த விலைக்கு நிறைய விற்பது என்று முடிவெடுத்தார். கான்வாஸுக்குப் பதில் வீடு கட்டப் பயன்படும் அப்சன் அட்டை; சட்டத்துக்கு, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அடிக்கிற அலங்கார மரப்பட்டி. அட்டைகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் முதலில் வானம், அப்புறம் தண்ணீர், கடைசியில் மரம் என்று ஒரே மூச்சில் முடிப்பார். வீட்டாரும் நண்பர்களும் அட்டைக்கு வெள்ளை பூசுவார்கள், சட்டம் அடிப்பார்கள். வளைந்த பனை, அலை, புயலுக்கு முந்தைய வானம், அப்புறம் செக்கச்சிவந்த குல்மோகர். ஆமாம், நம் தெருக்களில் கோடையில் பூத்துக் கொட்டுகிற அதே மரம்தான்!

விற்றது கார் டிக்கியில் வைத்து. வாங்குபவர் வரட்டும் என்று ஹேரும், அவர் வழியில் வரைந்த மற்ற கறுப்பின ஓவியர்களும் காத்திருக்கவில்லை. மோட்டல், வங்கி, டாக்டர் கிளினிக், வக்கீல் ஆபீஸ் என்று படியேறிப் போனார்கள். விலை இருபத்தைந்து டாலர் வாக்கில். எண்ணெய் வண்ணம் காயும் முன்பே அடுக்கி எடுத்துப் போனதால் படங்கள் ஒன்றோடொன்று உரசி ஈஷிக்கொள்ளும். அவர்களுக்காக விற்றுக்கொடுத்த அல் பிளாக், ஈஷிய இடங்களைத் தானே சரிசெய்து சரிசெய்து ஓவியராகவே ஆகிவிட்டார். கூட்டத்தில் ஒரே பெண் மேரி ஆன் கரோல். ஏழு பிள்ளைகளைத் தனியாளாக வளர்த்தவர். பிற்காலத்தில், 2011இல், மிஷெல் ஒபாமாவுக்குத் தன் கையாலேயே ஓவியம் கொடுத்தார்.

இதை மலிவுச் சரக்கு என்று ஒதுக்கியவர்கள் இருந்தார்கள். நான் ஒப்பமாட்டேன். வேகமாக வரைந்தாலும் அந்த வானத்தில் ஃபுளோரிடாவின் ஈரக்காற்று இருக்கிறது. அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவன் கைக்குத்தான் அது வரும்.

1970இல் ஒரு மதுக்கடையில் ஹேர் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 29. அதன் பிறகு வியாபாரம் படுத்தது, ரசனையும் மாறியது. சுவரிலிருந்து இறங்கிய படங்கள் பரணுக்குப் போயின. பரணிலிருந்து கராஜ் சேல் மேஜைக்கு வந்தன. 1990களில் சேகரிப்பாளர்கள் அவற்றைச் சில டாலருக்குப் பொறுக்கினார்கள். ஜிம் ஃபிட்ச் என்பவர் இவர்களுக்கு 'ஹைவேமென்' என்று பெயர் வைத்த பிறகு விலை ஏறியது. இன்று நல்ல படம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது. 2004இல் ஃபுளோரிடா மாநிலம் இவர்களில் 26 பேரைத் தன் கலைஞர்கள் கௌரவப் பட்டியலில் சேர்த்தது. ஹேர் அதைப் பார்க்க இல்லை.

வரைகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் படத்தைப் பழைய சாமானோடு வைக்காதீர்கள். அதற்கென்று தனி மேஜை போடுங்கள், இல்லையென்றால் நேரே ஆள் இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். வாங்குகிறவர்களே, பேரம் பேசுமுன் படத்தின் பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.