கல்லா, கொடியா: கரையைக் காக்கச் சட்டம் எதை நம்புகிறது?

தமிழகக் கடலோர ஊர்களில் பல ஆண்டுகளாக ஒலிக்கும் கோரிக்கை ஒன்று உண்டு: எங்கள் ஊருக்கும் தூண்டில் வளைவு வேண்டும். கரையிலிருந்து கடலுக்குள் பாறாங்கற்களைக் கொட்டி, நுனியைத் தூண்டில் முள்போல் வளைத்துக் கட்டும் அணைக்கு வழங்கும் பெயர் அது. அதற்காக மனு கொடுக்கிறார்கள், சாலையில் உட்காருகிறார்கள். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நேற்றுவரை வலை உலர்த்திய மணல் இன்று இல்லை. நாளை அலை வீட்டுச் சுவரைத் தொடும் என்று தூங்காமல் கிடப்பவரிடம் போய்ச் சுற்றுச்சூழல் பாடம் நடத்துவது நியாயம் ஆகாது.

ஆனால் அந்த மணல் எங்கே போனது என்று அரசும் சட்டமும் கேட்டே ஆகவேண்டும்.

சென்னை, புதுச்சேரிக் கரைகளில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கே இழுக்கும். வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே எதைக் கட்டினாலும் அதன் தெற்குப் பக்கத்தில் மணல் சேரும், வடக்குப் பக்கத்தில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் எழுந்தன. அதன் பின் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கிக் கடல் ஊருக்குள் வந்தது. நாம் காற்று வாங்கப் போகும் மெரினா மணலில் பெரும்பங்கு வடசென்னைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது.

புதுச்சேரியிலும் இதே கதைதான். 1980களின் இறுதியில் துறைமுக முகப்பில் கட்டிய சுவர்கள் வடக்கே போகும் மணலை மறித்தன. நகரத்தின் முன்னால் இருந்த கடற்கரை கரைந்து, கருங்கல் குவியல்தான் மிஞ்சியது. அரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து விழுப்புரம் மாவட்டத்து மீனவ ஊர்களைப் பிடித்தது. அங்கும் கல் கொட்டினார்கள். அதற்கும் வடக்கே உள்ளவர்கள் இப்போது மனுவோடு நிற்கிறார்கள்.

கல் வருவதற்கு முன் கரையை எது காத்தது? மணல் மேடுகள் காத்தன. அவற்றை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்து வைத்திருந்தன. புயல் நாளில் கடல் மேட்டிலிருந்து மணலை எடுத்துக்கொள்ளும். அமைதியான மாதங்களில் திருப்பிக் கொடுக்கும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்ற பழமொழி ஒற்றுமைக்குச் சொன்னதுதான் என்றாலும், அதை முதலில் சொன்னவர் கடற்கரையில் அந்தக் கொடி செய்யும் வேலையைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆற்று முகத்துவாரங்களில் அலையாத்திக் காடுகள் நின்றன. மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் அலையைக் கரைக்கு வெளியிலேயே உடைத்தன. பாக் விரிகுடாவில் கடற்புல் வெளிகள் அடிமண்ணைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தைத் தணித்தன.

2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் பகுதியை ஆராய்ந்தவர்கள், அலையாத்திக் காட்டுக்கு வெளியே கரையோரம் இருந்த ஊர்கள் முற்றாக அழிந்ததையும், காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதையும் 2005இல் பதிவு செய்தார்கள். உடனே மறுப்பும் வந்தது. தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, அதுதான் காரணம் என்றார்கள் வேறு ஆய்வாளர்கள். இரு தரப்பையும் சொல்வதுதான் நேர்மை. சுனாமி அளவிலான அலையை எந்தக் காடும் முழுதாக நிறுத்திவிடாது. ஆண்டுதோறும் வரும் புயல் அலை, அன்றாட அரிப்பு ஆகியவற்றில் அலையாத்தியின் பங்கைப் பற்றி அவ்வளவு சண்டை இல்லை.

எல்லாக் கரைக்கும் அலையாத்தி பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது. அதற்கு அமைதியான சேற்று நிலமும், உப்பு நீரும் நன்னீரும் கலக்கும் ஏற்றவற்றமும் வேண்டும். திறந்த கடலின் அலை மோதும் மணற்கரையில் நட்டால் பட்டுப்போகும். அங்கே மணல் மேடுதான் மருந்து. சுனாமிக்குப் பின் நம் கரையில் நீளநெடுகச் சவுக்கை நட்டார்கள். நோக்கம் நல்லது. ஆனால் சவுக்கு இந்த மண்ணின் மரமே அல்ல. மேடுகளைச் சமன்செய்து வரிசை வரிசையாக நட்ட இடங்களில் அடம்பனும் போனது, ஆமை முட்டையிடும் மணலும் குறைந்தது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் கரையை ஆள்வது கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் மத்திய அரசு 1991 பிப்ரவரியில் அதை முதலில் வெளியிட்டது. 2011இலும் 2019இலும் புதிதாக எழுதியது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிச்சட்டம் அல்ல, ஓர் அறிவிக்கைதான். அதனால் அரசிதழில் ஒரு பக்கம் போட்டாலே மாற்றிவிடலாம். அப்படிப் பலமுறை மாற்றியும் இருக்கிறார்கள்.

அந்த அறிவிக்கை அலையாத்தி, பவளம், கடற்புல், மணல் மேடு, சேற்றுவெளி, ஆமை முட்டையிடும் கரை எல்லாவற்றையும் முதல் வகுப்பில், மிகக் கடுமையான காப்பு உள்ள பிரிவில் வைக்கிறது. அலையாத்திக் காடு 1,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சுற்றி 50 மீட்டர் காப்புப் பகுதி விட வேண்டும். பாதுகாப்புத் தேவைக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ தூண்கள்மேல் சாலை போட்டு அலையாத்தி அழிந்தால், அழிந்ததைப்போல் குறைந்தது மூன்று மடங்கு நட வேண்டும். படிக்கும்போது நிறைவாகத்தான் இருக்கிறது.

இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. மணல் மேட்டைத் தொடாதே என்று சொல்லும் அதே அறிவிக்கை, அரிப்பைத் தடுக்கும் பணிகளை அனுமதிக்கப்பட்டவை என்று தனியே வைக்கிறது. அதாவது இயற்கையை அது ஓர் இடமாகப் பார்க்கிறதே தவிர, ஒரு வேலையாளாகப் பார்க்கவில்லை. கரை அரிக்கிறது என்று பொறியாளர் மேசைக்குக் கோப்பு வந்தால், முதலில் மணல் மேட்டை மீட்கப் பாருங்கள், அது முடியாது என்று தெரிந்தபின் கல்லுக்குப் போங்கள் என்று சட்டம் அவருக்கு எங்கும் கட்டளையிடவில்லை. கல்லுக்கு மதிப்பீடு இருக்கிறது, ஒப்பந்தக்காரர் இருக்கிறார், திறப்பு விழா இருக்கிறது. அடம்பன் கொடிக்கு இவை எதுவும் இல்லை.

அந்தக் கட்டளையை எழுதிவைத்த ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடாவை ஒட்டிய மேரிலாண்ட் மாநிலம் 2008இல் ஒரு சட்டம் இயற்றியது. கரையோர நிலம் வைத்திருப்பவர் அரிப்பைத் தடுக்க விரும்பினால், சதுப்புப் புல், மணல், தேவைப்பட்டால் தாழ்வான கல்வரம்பு, சிப்பித் திட்டு ஆகியவற்றைக் கொண்டு கரையை உயிரோடு கட்ட வேண்டும். அவர்கள் அதை ‘உயிருள்ள கரை’ என்று அழைக்கிறார்கள். சுவர்தான் வேண்டும் என்பவர், தம் இடத்தில் உயிருள்ள கரை நிற்காது என்று காட்டி விலக்குப் பெற வேண்டும். பக்கத்து மாநிலமான வர்ஜீனியா, முதலில் இதை விரும்பத்தக்க வழி என்று மட்டும் சொல்லிவந்தது. விரும்பத்தக்கது என்றால் யார் கேட்பார்கள்? 2020இல் சட்டத்தைத் திருத்தி, இன்றைய அறிவியல் பொருந்தாது என்று சொன்னால் அன்றி உயிருள்ள கரைக்கு மட்டுமே அனுமதி என்று ஆக்கிவிட்டது.

இந்தத் திருப்பம் மிகச் சிறியது. காரணம் காட்டும் கடமை மரம் நடுபவரிடமிருந்து கல் கொட்டுபவரிடம் போய்விட்டது, அவ்வளவுதான். இதற்குத் துணையாகக் கண்கூடான சான்றும் உண்டு. 2011இல் ஐரீன் புயல் வட கரோலினாவைத் தாக்கியபின் கணக்கெடுத்தபோது, பார்வையிட்ட கரைச்சுவர்களில் 76 விழுக்காடு சேதமாகியிருந்தன. சதுப்புப் புல்லால் காத்த கரைகளில் அப்படிச் சேதம் தென்படவில்லை. புயலில் படுத்த புல் பின்னர் தானே எழுந்தது. உடைந்த சுவருக்கு மறுபடியும் பணம் ஒதுக்க வேண்டும்.

அவர்களுடையது உள்விரிகுடா, நம்முடையது திறந்த கடல் என்று மறுக்கலாம். மறுப்பு சரிதான். ஆகவே அவர்களுடைய சதுப்புப் புல்லைக் கொண்டுவர வேண்டாம். அவர்கள் சட்டத்தில் வைத்த கேள்வியின் வரிசையைக் கொண்டுவந்தால் போதும்.

கரையைக் காக்கும் இயற்கையை நீருக்குள்ளும் காக்க வேண்டும்; அதில் நமக்குப் பழைய அனுபவம் உண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அது தேவையான காப்புதான். பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் கடலுக்குள் போயின. அந்த அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. தேய்ந்துகொண்டிருந்த வான் தீவின் முன்னால் 2015 முதல் செயற்கைப் பாறைத் திட்டுகளை இறக்கி அலையைத் தணித்து வருகிறார்கள். ஆனால் தேசியப் பூங்கா என்றால் சட்டத்தின் கண்ணில் மனிதர் நுழையாத இடம். தலைமுறைகளாக அந்தத் தீவோரம் மூழ்கிக் கடற்பாசி எடுத்த இராமநாதபுரத்துப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். கடலைக் காக்கும் சட்டம் கடலை அறிந்தவர்களையே எதிரியாக்கினால், நாளடைவில் அதைக் காவல் காக்கவும் ஆளிருக்காது.

இதைவிட நல்ல முன்மாதிரியும் நம்மிடம் இருக்கிறது. 2002இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, பாதுகாப்புக் காப்பகம் என்ற புது வகை வந்தது. உள்ளூர் மக்களைக் கலந்தே அறிவிக்க வேண்டும்; மேலாண்மைக் குழுவில் ஊராட்சிகளின் ஆள் இருக்க வேண்டும். அந்தப் பிரிவைக் கொண்டு தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டி, சுமார் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுக் காப்பகத்தை அறிவித்தது. நாட்டிலேயே கடற்பசுவுக்கு அமைந்த முதல் காப்பகம் அது. நம் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் அந்தச் சாதுவான விலங்கு தின்பது கடற்புல்லை. அதைக் காக்க வேண்டுமானால் புல்வெளியைக் காக்க வேண்டும். புல்வெளி இருந்தால் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும், அடிமண்ணும் நிற்கும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 1975 முதல் நீர்க்காப்பகங்களுக்கென்றே தனிச் சட்டம் வைத்திருக்கிறது. 2020இல் சேர்த்த ஒரு காப்பகம் பெரிதும் கடற்புல்லை நம்பியது. பாக் விரிகுடா அதற்கு இளைத்தது அல்ல.

பிச்சாவரத்திலும் மக்களைச் சேர்த்தபோதுதான் காடு திரும்பியது. முன்பு ஒட்டுமொத்தமாக வெட்டிய பகுதிகளில் நிலம் தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள்போலக் கிளை பிரியும் வாய்க்கால்களை வெட்டி, ஏற்றவற்ற நீரை உள்ளே விட்டார்கள். அதன் பிறகு அங்கே நட்ட கன்றுகள் பிடித்தன.

எழுதிய சட்டமும் தானாக நிற்பதில்லை. 1990களில் நாகைப் பகுதியில் இறால் பண்ணைகள் வயலையும் குடிநீரையும் உப்பாக்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11ஆம் தேதி, ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்து, 1991லிருந்தே அந்தத் தடை இல்லை என்பதுபோல் அறிவிக்கையைத் திருத்திவிட்டது. வென்ற வழக்கின் பயனை முன்தேதியிட்ட ஒரு பிரிவு எடுத்துக்கொண்டது. 2019 அறிவிக்கையும், மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோர ஊரகப் பகுதிகளில் கட்டுமானம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. மணல் மேடு இருப்பது அந்த 200 மீட்டருக்குள்தான்.

மாற்ற வேண்டியது நீண்ட பட்டியல் அல்ல. அரிப்புத் தடுப்புப் பணிக்கு அனுமதி கேட்கும் ஒவ்வொரு கோப்பிலும், மணல் மேடு, அலையாத்தி, கடற்புல், பாறைத் திட்டு ஆகியவற்றை மீட்டு இந்தக் கரையைக் காக்க ஏன் முடியாது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். வடக்கே உள்ள அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கும் பதில் இருக்க வேண்டும். பதில் நியாயமாக இருந்தால் கல் வரட்டும். வீடு விழும் நிலையில் உள்ள ஊருக்குக் கல் தேவைப்படும் என்பதை மறுக்கவில்லை. துறைமுகத்தின் தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே சேர்ப்பதைத் துறைமுகத்தின் கடமையாக எழுத வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் மாவட்டந்தோறும் மக்கள் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. உங்கள் ஊர் வரைபடம் வரும்போது, ஊருக்கு முன்னால் இருக்கும் மணல் மேட்டையும் வலை உலர்த்தும் களத்தையும் முகத்துவாரத்தையும் அதில் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். விட்டிருந்தால், சேர்க்கச் சொல்லி எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் இல்லாத மேட்டுக்குச் சட்டத்தில் காப்பு இல்லை.