கண்ணுக்குத் தெரியாப் பகை

காவலர் ஒருவர் கடமையில் உயிர்நீத்தார் எனக் கேட்டவுடன் துப்பாக்கியும் கலவரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. பணியிடை நோயுற்று மாண்டவரை அவ்வரிசையில் வைக்க நாம் தயங்குகின்றோம். 1918ஆம் ஆண்டு அமெரிக்க நகரங்களைச் சூறையாடிய இன்புளுயன்சாக் கொள்ளைநோய், இத்தயக்கம் முறைதானா என வினவ வைக்கின்றது.

அவ்வாண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பிலடெல்பியாவில் போர்க்கடன் ஊர்வலத்தைக் காண ஏறத்தாழ 2 இலட்சம் பேர் திரண்டனர். அடுத்த சில வாரங்களில் அந்நகரில் 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளில் கிடந்த சடலங்களை அகற்றும் பணியும் காவலர்மேல் விழுந்தது. சான்பிரான்சிஸ்கோவிலோ முகமூடி அணியாதோரைப் பிடிப்பதும் அவர்தம் கடமையாயிற்று.

இந்நோய் இருமலாலும் தும்மலாலும் பரவுவது. ஊர் கதவடைத்தபோதும் காவலர் வெளியே நிற்க வேண்டியிருந்தது. மேலும், அது 20 முதல் 40 வயதினரையே மிகுதியாகக் கொன்றது. காவலர் பலரும் அவ்வயதினரே. பயன்தரும் தடுப்பூசியோ, தொடர்ந்து வரும் நிமோனியாவைத் தணிக்கும் பென்சிலினோ அன்று இல்லை.

குண்டு பாய்ந்த இடத்தைக் காட்டலாம். கிருமி தொற்றிய இடத்தைக் காட்டுவது எங்ஙனம்? சிக்கல் இங்குதான் உள்ளது. கோவிட் பரவிய 2020இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. பணியிலிருந்த காவலர் அந்நோயால் இறப்பின், மாறான சான்று இல்லாதவரை, அதனைக் கடமைவழிச் சாவாகவே கொள்ள அச்சட்டம் வழிசெய்தது. 1918இல் மாண்டோர் குடும்பங்களுக்கு அத்தகைய சட்டம் வாய்க்கவில்லை.

ஓடாமல் நின்றதே வீரம் எனின், அவர்களும் வீரரே என்பது நம் துணிபு.