வேர்க்கடலைக்குள் ஒரு கோணல்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் போனால், புத்தூர் தாண்டியதும் வடமாலபேட்டை வரும். இந்தப் பக்கத்துச் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மழையை நம்பி விளையும் பயிர்களில் வேர்க்கடலைக்குப் பெரிய இடம் உண்டு. அந்தப் பருப்புக்குள் லெக்டின் என்றொரு புரதம் இருக்கிறது. சில சர்க்கரைகளைக் கண்டால் போய் ஒட்டிக்கொள்வது அதன் குணம். நம் செல்களின் மேற்பரப்பிலும் சர்க்கரைகள் உண்டு. பல புற்றுநோய்ச் செல்களில் மூடாமல் வெளியே தெரியும் ஒரு சர்க்கரையைக் கடலை லெக்டின் கண்டுபிடித்துப் பற்றிக்கொள்ளும். எப்படிப் பற்றுகிறது? அதன் வடிவம் தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், அவதேஷ சுரோலியா ஆகியோரின் குழு இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தது. அந்தப் புரதத்தின் படிகம் பற்றிய முதல் தகவல் 1982-இல் வந்தது. வடிவம் வெளியானதோ 1994-இல்தான். ஏன் இவ்வளவு காலம்?

வடிவத்தை அறிய எக்ஸ்-கதிரைப் பாய்ச்சி, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் ஒற்றை மூலக்கூறில் பட்டுச் சிதறும் எக்ஸ்-கதிர் மிகவும் மங்கல். கோடிக்கணக்கானவை வரிசையாக அடுக்கி நிற்க வேண்டும், அதுதான் படிகம். கண்ணாடிச் சில்லில் புரதக் கரைசலும் உப்புக் கரைசலும் கலந்த சிறு துளியை வைத்து, உப்பு அதிகமுள்ள கரைசலின் மேல் கவிழ்த்து, காற்றுப் புகாமல் அடைப்பார்கள். துளியிலிருந்து தண்ணீர் மெல்ல ஆவியாகிப் போகும். வேகமாகப் போனால் புரதம் வெள்ளையாகத் திரிந்துவிடும். போதிய அளவு போகாவிட்டால் துளி துளியாகவே கிடக்கும். உப்பு, அமிலத்தன்மை, வெப்பநிலை எல்லாவற்றையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான துளிகள் வைத்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சூத்திரம் இன்றுவரை கிடையாது!

படிகம் கிடைத்தாலும் நிம்மதி இல்லை. அதில் ஏறக்குறைய பாதி தண்ணீர், காய்ந்தால் கெட்டுவிடும். எக்ஸ்-கதிரே அதைச் சிதைக்கும். அதனால் இப்போது கிளிசரால் போன்ற ஒன்றைச் சேர்த்து, உள்ளே பனிக்கட்டி உருவாகாதபடி மைனஸ் 173 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள்.

அடுத்தது புள்ளிகள். படிகத்தில் பட்டுச் சிதறும் கதிர்கள் புள்ளி புள்ளியாகப் பதியும். 1994-இல் கடலை லெக்டினுக்குப் பயன்பட்டவை 22,155. ஒவ்வொன்றும் எவ்வளவு பிரகாசம் என்று அளக்கலாம். புள்ளியை உண்டாக்கிய கதிர் அலையின் மேடு எந்த இடத்தில் இருந்தது என்பது மட்டும் பதிவாவதே இல்லை. வாசலில் கோலப் புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு இழைகளை அழித்துவிட்டால், அது சிக்குக் கோலமா தாமரைக் கோலமா என்று எப்படிச் சொல்வீர்கள்? ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் வடிவத்தை 1937-இல் ஆராயத் தொடங்கிய மாக்ஸ் பெருட்ஸ், இதற்கு வழி கண்டது 1953-இல். பாதரசம் போன்ற கன அணுவைப் படிகத்துக்குள் ஊறவைத்து, புள்ளிகள் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பதே அந்த வழி. கடலை லெக்டினும் இந்த வழியில்தான் பிடிபட்டது.

புள்ளிகளிலிருந்து இப்படிக் கிடைத்த, மூலக்கூறின் மங்கலான வரைபடத்தில் புரதத்தின் அமினோ அமிலச் சங்கிலியைப் பொருத்த வேண்டும். அதிலிருந்து புள்ளிகளைக் கணக்கிட்டு, அளந்த புள்ளிகளோடு ஒப்பிட்டு, திருத்தி, மறுபடி ஒப்பிட்டு... என்னைக் கேட்டால் ஆபத்தான கட்டம் இதுதான். படிகம் வளராவிட்டால் கண்ணுக்குத் தெரியும். இங்கே நாம் ஆசைப்படும் வடிவத்தையே வரைபடத்தில் பார்த்துவிடலாம். அதனால்தான் 1992-இல் ஆக்ஸல் புருங்கர் ஒரு கட்டுப்பாடு சொன்னார்: புள்ளிகளில் ஒரு பகுதியைத் திருத்தத்துக்குத் தொடாமல் ஒதுக்கி வை, கடைசியில் அதை வைத்துச் சோதி.

கடலை லெக்டினில், வடிவத்தைத் தவறாகப் பொருத்திவிட்டோமோ என்ற சந்தேகத்துக்கு நல்ல காரணமும் இருந்தது. அது ஒரே மாதிரியான நான்கு துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் 236 அமினோ அமிலங்கள். இப்படி நான்கு சேர்ந்தால், எந்தத் துண்டின் மேல் உட்கார்ந்து பார்த்தாலும் சுற்றுப்புறம் ஒரே மாதிரி தெரியும்படி அமைவதுதான் வழக்கம். இங்கே அப்படி இல்லை, அடுக்கு கோணலாக இருந்தது. கணக்கிட்ட புள்ளிகளுக்கும் அளந்த புள்ளிகளுக்கும் வேறுபாடு 1994-இல் சுமார் 22 சதவீதம். 1996-இல் இன்னும் நுணுக்கமான தரவோடு அதை 16 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். கோணல் நிமிரவில்லை.