கடலைக் காணாத கோலார் மண்ணின் மைந்தரும் ஐந்து கடற்போர்களும்: 1782-83 வரலாறு

சாம்பியன் ரீப்ஸ்: கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸிலிருந்து வங்கக் கடற்கரை சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் இப்பகுதிக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்த மைசூர் ஆட்சியாளர் ஹைதர் அலியின் கடைசிப் போரில், கடலே முக்கியப் பங்கு வகித்தது. 1782 பிப்ரவரி முதல் 1783 ஜூன் வரை பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் ஐந்து முறை மோதின.

கடல் ஏன் முக்கியமானது?

1780 ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையுடன் கர்நாடகப் பகுதிக்குள், அதாவது ஆற்காடு நவாபின் ஆட்சிப்பரப்புக்குள் நுழைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பொள்ளிலூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்தார். ஊர்களும் வயல்களும் அழிந்ததால், கம்பெனிப் படையும் சென்னை நகரமும் வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த அரிசியையே பெரிதும் நம்பியிருந்தன. கடல்வழியை அடைத்தால் எதிரியைப் பட்டினியால் பணியவைக்கலாம் என்ற நிலை உருவானது.

ஆனால் ஹைதரிடம் அதற்கேற்ற கடற்படை இல்லை. மேற்குக் கரையில் அவர் உருவாக்கிய கப்பல்களை, 1780 டிசம்பரில் பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் ஹியூஸ் மங்களூரில் அழித்துவிட்டார். 1781 பிப்ரவரியில் ஜெனரல் அயர் கூட்டின் படை கடலூரில் உணவின்றித் தவித்தபோது, பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்று கரையருகே வந்தது. எனினும் அது தங்காமல் மொரீஷியஸுக்குத் திரும்பியது. உணவு பெற்று மீண்ட கூட்டின் படை, அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தது.

ஐந்து மோதல்கள்

1782-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைமையை ஏற்ற சஃப்ரன், போக்கை மாற்ற முயன்றார். பிப்ரவரி 17-ஆம் தேதி சதுரங்கப்பட்டினம் அருகே ஹியூஸுடன் முதல் முறையாக மோதினார். பின்னர் பரங்கிப்பேட்டையில் தரையிறக்கப்பட்ட பிரெஞ்சு வீரர்கள், மைசூர்ப் படையுடன் இணைந்து ஏப்ரலில் கடலூரைக் கைப்பற்றினர்.

ஏப்ரல் 12-ஆம் தேதி திருகோணமலைக்குத் தெற்கே புரோவிடியன் அருகிலும், ஜூலை 6-ஆம் தேதி நாகப்பட்டினம் அருகிலும் அடுத்த இரு போர்கள் நடந்தன. நாகப்பட்டினம் போருக்குப் பின், ஜூலை இறுதியில் ஹைதர் கடலூர்ப் பகுதிக்கு வந்து சஃப்ரனை நேரில் சந்தித்தார்.

ஆகஸ்ட் இறுதியில் சஃப்ரன் திருகோணமலையைக் கைப்பற்றினார். அதை மீட்க வந்த ஹியூஸ் தாமதமாகவே சென்றடைந்தார். செப்டம்பர் 3-ஆம் தேதி அங்கு நான்காவது போர் நடந்தது.

ஒரு கப்பல்கூட மூழ்காதது எப்படி?

இப்போர்களில் இரு தரப்பும் ஒரு பெரிய போர்க்கப்பலைக்கூடச் சண்டையில் இழக்கவில்லை. அக்காலத்தில் கப்பல்கள் எதிரெதிர் வரிசைகளில் நின்று பக்கவாட்டுப் பீரங்கிகளால் சுட்டுக்கொண்டன. தடித்த மரத்தாலான உடற்பகுதி எளிதில் மூழ்காது. பாய்மரங்களும் கயிறுகளும் அறுபட்டால் கப்பல் நகர முடியாமல் நின்றுவிடும். அதைச் செப்பனிடப் பாதுகாப்பான துறைமுகம் தேவை.

சோழமண்டலக் கரையில் அத்தகைய இயற்கைத் துறைமுகம் இல்லை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் கப்பற்படைகள் இக்கரையை விட்டு விலக வேண்டியிருந்தது. எனவேதான் திருகோணமலைக்காக இத்தனை போட்டி. 1782 அக்டோபரில் வீசிய கடும் புயலில், சென்னைக் கடலோரத்தில் நங்கூரமிட்டிருந்த அரிசிக் கப்பல்கள் பல அழிந்தன. நகர மக்கள் பஞ்சத்தில் வாடினர்.

தாமதமாக வந்த சமாதானச் செய்தி

1782 டிசம்பர் 7-ஆம் தேதி சித்தூர் அருகே முகாமிட்டிருந்த ஹைதர் அலி காலமானார். அவர் எதிர்பார்த்த பெரும் பிரெஞ்சுப் படை, தளபதி புஸ்ஸி தலைமையில் 1783 மார்ச்சில்தான் வந்தது. ஜூனில் பிரிட்டிஷ் படை கடலூரை முற்றுகையிட்டது. ஜூன் 20-ஆம் தேதி நடந்த ஐந்தாவது போரில், 15 கப்பல்களுடன் சஃப்ரன் 18 கப்பல்கள் கொண்ட ஹியூஸை எதிர்கொண்டார். ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கியதால், முற்றுகையிட்ட படைக்குக் கடல்வழி ஆதரவு அற்றுப்போனது.

ஆனால் ஐரோப்பாவில் பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-ஆம் தேதியே பூர்வாங்க சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. அச்செய்தி ஜூன் இறுதியில்தான் கடலூரை அடைந்தது. கடலூர்ப் போரில் மாண்டவர்கள், ஐந்து மாதங்களுக்கு முன்பே சமாதானம் கையெழுத்தானதை அறியாமலே உயிரிழந்தனர்.

பிரெஞ்சுப் படை விலகியதால் திப்பு சுல்தான் தனித்து விடப்பட்டார். 1784 மார்ச் 11-ஆம் தேதி மங்களூர் உடன்படிக்கையுடன் போர் முடிந்தது. பொள்ளிலூரில் தரையில் பெற்ற வெற்றியை நிலைநிறுத்தத் தேவையான கடல்வலிமைக்கு மைசூர் இறுதிவரை பிறரையே நம்பியிருந்தது. அந்தத் துணை, தேவைப்பட்ட நேரத்தில் ஒருமுறையும் முழுமையாகக் கிடைக்கவில்லை.