அளவுகோல் சாலைக்கு வந்த பிறகு

மதுரையிலிருந்து வடக்கே திண்டுக்கல்லுக்கும் தெற்கே விருதுநகருக்கும் செல்லும் நான்குவழிச் சாலையில் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு, உயர்ந்த உடலும் அகன்ற சக்கரங்களும் கொண்ட எஸ்யூவி வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைவதும், தாழ்ந்து நீண்ட பெட்ரோல் செடான்கள் அவற்றிடையே அபூர்வமாகவே தென்படுவதும் பிரத்தியட்சமாக விளங்கும். ஒரு தலைமுறைக்கு முன்னர் இந்தச் சமவெளியில் செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் அடையாளமாக இருந்தது செடான்தான். கிராமத்து ஜனங்கள் ‘பிளஷர் கார்’ என்று வழங்கிய அந்த வாகனத்தில், நீளமான பானெட்டும் அதனுள்ளே பெரிய என்ஜினும் இருந்துவிட்டால் அதற்குத் தனி மரியாதை உண்டு. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்று அதன் சொந்தக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவர் சொல்வதில்லை.

இந்த வகைக் கார் மறைந்ததற்குப் பெட்ரோல் விலையைக் காரணம் காட்டுவோர் உண்டு. மக்களின் ரசனை மாறியதே காரணம் என்போரும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் அவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் அபிப்பிராயம். புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் முதலில் நின்றுகொண்டிருக்கும் காரையும், பிறகு பரிசோதனைக் கூடத்தின் உருளைகளின்மேல் மெதுவாக ஓடும் காரையும் அளந்து, கடைசியில்தான் நிஜமான சாலையில் நிஜமான வேகத்தில் ஓடும் காரை அளக்க வந்து சேர்ந்தது. சக்தி மிகுந்த செடானின் குற்றமோ அந்தக் கடைசி இடத்தில்தான் ஒளிந்திருந்தது.

கான்டெஸாவை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984 முதல் உற்பத்தி செய்த அந்தக் கார், ஆங்கிலேயர்களின் வாக்ஸ்ஹால் விக்டரை மூலமாகக் கொண்டது. தொடக்கத்தில் அம்பாஸடரின் 1489 கன சென்டிமீட்டர் என்ஜினையே அதில் பொருத்தினார்கள். அத்தனை பெரிய உடலை இழுக்க அது திணறியது. பின்னர் ஜப்பானிய இசுஸு நிறுவனத்தின் 1817 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜினும் ஐந்து கியர்களும் வந்த பிறகே கான்டெஸாவுக்கு அதன் உருவத்துக்கேற்ற பலம் வாய்த்தது. நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், பிரிட்டனின் ரோவர் காரின் கம்பீரமான உடலை எடுத்து, அதனுள்ளே 1991 கன சென்டிமீட்டர் கொண்ட பழைய காலத்து என்ஜின் ஒன்றை வைத்து, 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெயரில் வெளியிட்டது. சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோயிற்று.

திருமங்கலம் சாலையில் உள்ள பழைய பட்டறை ஒன்றில், ஒரு கான்டெஸாவின் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வெள்ளைத் துணியின்மேல் வரிசையாக வைத்து, வெளிச்சத்துக்கு நேரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்த முதிய மெக்கானிக் ஒருவரின் வார்த்தைகள், புத்தகத்தில் படித்ததைக் காட்டிலும் தெளிவாக எனக்கு இந்த விஷயத்தை விளக்கின. “ரிச்சா ஓடுது சார். முனை பிஸ்கட் கலர்ல இருக்கணும். இது கரி பிடிச்சிருக்கு பாருங்க. லீனா வச்சா புகை குறையும். ஆனா கொடைக்கானல் ஏத்தத்துல வண்டி முக்கும்” என்றார்.

அவர் சொன்னதன் ரசாயனம் இதுதான். ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமின்றி எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அந்த விகிதத்தில் கலந்தால் எரிபொருளும் தீரும், பிராணவாயுவும் தீரும். ஆனால் என்ஜின் தன் உச்ச சக்தியைத் தருவது அந்த விகிதத்தில் அல்ல; காற்று பன்னிரண்டரை, பதின்மூன்று கிலோ என்ற அளவுக்குக் குறைந்து, பெட்ரோல் சற்றே மிகுதியாக, அவர் சொன்ன ‘ரிச்’ நிலையில், இருக்கும்போதுதான். சிலிண்டருக்குள் நுழைந்த பிராணவாயுவில் ஓர் அணுவும் வீணாகாமல் இருக்க வேண்டுமென்றால், அதைத் தேடிப் பிடிக்கக் கூடுதல் எரிபொருள் அங்கே காத்திருக்க வேண்டும். அதோடு, மண்பானையில் கசியும் நீர் ஆவியாகிப் பானையைக் குளிர்விப்பதுபோல, மிகையான பெட்ரோல் ஆவியாகி, கொதிக்கும் வால்வுகளையும் பிஸ்டனையும் குளிர்விக்கிறது. ஆகவே ஆக்ஸிலேட்டரை ஒருவர் அடிவரை மிதிக்கும் அந்தச் சில விநாடிகளில், முழுவதும் எரிவதற்குக் காற்று போதாத பெட்ரோல் பாதி வெந்த நிலையில் கார்பன் மோனாக்ஸைடாகவும் எரியாத ஹைட்ரோகார்பனாகவும் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. ஓட்டுபவர் முதுகில் உணரும் அந்த இன்பமான உந்துதலும், பின்னால் வரும் சைக்கிள்காரர் மூச்சில் உணரும் அந்த நெடியும் ஒரே வினையின் இரண்டு பலன்கள்.

சட்டம் முதன்முதலில் இதை எப்படி அளந்தது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, நின்ற நிலையில் என்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது புகையில் கார்பன் மோனாக்ஸைடு நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அவ்வளவே. கார்புரேட்டரில் இருக்கும் சிறு திருகாணி ஒன்றை அரைச் சுற்றுத் திருப்பிக் கலவையை மெலிதாக்கிப் புகைச் சான்று வாங்கிக்கொண்டு, திரும்பும் வழியில் மறுபடியும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுவது பட்டறைகளில் எல்லோரும் அறிந்த வழக்கம். திருகாணியைத் தொடாவிட்டாலுங்கூட, நிற்கும்போது சாதுவாக இருக்கும் என்ஜின் ஓடும்போது என்ன செய்கிறது என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது.

1991-இல் இரண்டாவது படி வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று மாசை நிறுத்து அளக்கும் முறை அப்போதுதான் தொடங்கியது. பெட்ரோல் கார் ஒன்று, அதன் எடைக்கேற்ப, கிலோமீட்டருக்கு 14.3 முதல் 27.1 கிராம் வரை கார்பன் மோனாக்ஸைடை வெளிவிட அனுமதி உண்டு. கனத்த காருக்கு அதிகச் சலுகை. அதைவிட முக்கியமான விஷயம், அந்தச் சோதனையில் கார் உருளைகளின்மேல் ஓட வேண்டிய உச்ச வேகம்: மணிக்கு 42 கிலோமீட்டர்! கோரிப்பாளையத்து நெரிசலுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் மேலூர் தாண்டி வெறிச்சோடிய சாலையில் நூறைக் கடந்து பறந்த கான்டெஸாவைப் பற்றி அந்த அளவுகோலுக்கு ஏதும் தெரியாது.

பிறகு நகரத்துக்கு நகரம் நியாயம் வேறுபடத் தொடங்கியது. 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. தேனடை போன்ற நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டியின்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களை மிக மெல்லியதாகப் பூசி, அதன் வழியே புகையைச் செலுத்தினால், நச்சு வாயுக்கள் கரியமிலவாயுவாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. ஆனால் அன்றைய பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் அந்த உலோகப் பூச்சின்மேல் படிந்தால் கன்வெர்ட்டர் செயலற்றுப் போகும். பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் தனியே கிடைத்தது. நாடு முழுவதும் ஈயம் நீங்கியது 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான். சென்னையில் வாங்கிய காரை மதுரைக்கு ஓட்டி வந்து, வழியில் கிடைத்த பெட்ரோலை நிரப்பினால் என்ன ஆகும் என்பதை அப்போது எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்! காற்றின் தூய்மை பெருநகரத்தாருக்கு மட்டும் உரிய சொத்துபோல நடத்தப்பட்ட அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமே உண்டாகிறது. சிம்மக்கல்லில் பூக்கட்டும் பெண்ணின் நுரையீரலும் அண்ணா சாலையில் நடப்பவரின் நுரையீரலும் ஒன்றுதானே.

2000-இல் ஐரோப்பிய முறையைத் தழுவிய விதிகள் வந்து, கார்பன் மோனாக்ஸைடுக்கான அனுமதி கிலோமீட்டருக்கு 2.72 கிராமாகச் சுருங்கியது. சோதனை வேகமும் 90 கிலோமீட்டராக உயர்ந்தது. கார்புரேட்டரை மட்டும் நம்பியிருந்த என்ஜின்களுக்கு அத்தோடு காலம் முடிந்தது. 2002-இல் கான்டெஸா நின்றது.

அதன் இடத்தை நிரப்ப வந்த புதிய தலைமுறைச் செடான்களில் கம்ப்யூட்டர் எரிபொருளை அளந்து ஊற்றியது. 2004-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ என்ஜினில் 150 குதிரைத்திறன் தந்து, இளைஞர்களைக் கனவு காண வைத்தது. புகைக் குழாயில் இருக்கும் உணரி பிராணவாயுவின் மிச்சத்தைக் கணந்தோறும் பார்த்துச் சொல்ல, 14.7 என்ற விகிதம் துல்லியமாகக் காக்கப்பட்டது. ஆனால் எப்போது? சோதனைக் கூடத்தின் மிதமான ஓட்டத்தில். அடிவரை மிதித்தால் அந்தக் கம்ப்யூட்டரும் பழைய மெக்கானிக்கின் வழியையே பின்பற்றி, டர்போவையும் கன்வெர்ட்டரையும் வெப்பத்திலிருந்து காக்கப் பெட்ரோலைக் கூட்டி ஊற்றியது. குற்றம் அப்படியே இருந்தது. அளவுகோல்தான் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

2010-இல் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதி வந்தபோது, சென்னை அதற்குரிய 13 நகரங்களுள் ஒன்று. மதுரை அந்தப் பட்டியலில் இல்லை. 2017 ஏப்ரலில், உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்பான தீர்ப்போடு, ஸ்டேஜ் 4 நாடு முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், ஸ்டேஜ் 5-ஐத் தாண்டி, ஸ்டேஜ் 6 எல்லா ஊர்களிலும் ஒரே நாளில் அமலாயிற்று. பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டது. பாரத் ஸ்டேஜ் ஒன்று நம் சமவெளிக்கும் தலைநகருக்கும் ஒரே நாளில் வந்தது அன்றுதான். அதே 2020-இல் 245 குதிரைத்திறன் கொண்ட ஆக்டேவியா ஆர்எஸ் கார்கள் 200 மட்டுமே இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டன.

2023 ஏப்ரலில் அளக்கும் முறையின் மூன்றாவது படி வந்தது. காரின் பின்புறத்தில் வாயுக்களை அளக்கும் கருவியைப் பொருத்தி, நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் மெய்யாகவே ஓட்டிப் பார்த்து அளப்பது என்பதே அது. அளவுகோல் சாலைக்கு வந்துவிட்டது. அதற்கேற்ப என்ஜினைத் திருத்துவதற்கு ஆகும் செலவை, மாதத்துக்குச் சில நூறு கார்கள் மட்டும் விற்கும் மாடல்களால் ஈட்ட முடியாது. அந்த ஆண்டிலேயே ஆக்டேவியா இந்தியச் சந்தையிலிருந்து விலகியது.

நச்சு வாயுவுக்குக் கன்வெர்ட்டர் உண்டு. கரியமிலவாயுவுக்கு அப்படி ஒரு சாதனம் இல்லை. எரியும் கரி முழுவதும் கரியமிலவாயுவாகியே தீர வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அதில் ஏழில் ஆறு பங்கு கரி. ஒவ்வொரு கரியணுவும் காற்றிலிருந்து இரண்டு பிராணவாயு அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால், முக்கால் கிலோ திரவம் 2.3 கிலோ வாயுவாக வெளியே வருகிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தரும் கார் அந்தப் பிரயாணத்தில் 130 கிலோவுக்கு மேல் கரியமிலவாயுவை விட்டுச் செல்கிறது; 20 கிலோமீட்டர் தரும் கார் 53 கிலோ. ஒரு நிறுவனம் விற்கும் எல்லாக் கார்களின் சராசரி கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று 2017 முதலும், 113 கிராமுக்குள் என்று 2022 முதலும் விதிக்கப்பட்டது. 113 கிராம் என்றால் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கும் சற்று மேல். தாகம் மிகுந்த செடான் ஒன்றை விற்கும்போதெல்லாம் நிறுவனத்தின் சராசரி ஏறுகிறது.

பெட்ரோலைச் சிக்கனப்படுத்தும் நிர்ப்பந்தம் மதுரைக்குப் புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அரிதானபோது, இங்கிருந்து பேருந்துத் தொழிலை வளர்த்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், கரியிலிருந்து வாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் சாதனத்தைத் தயாரித்து அளித்தார். நிர்ப்பந்தம் இன்றும் நல்ல விளைவைத் தந்திருக்கிறது. 2022-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் வெர்ட்டஸ், 1.5 லிட்டர் என்ஜினிலேயே பழைய ஆக்டேவியா தந்த அதே 150 குதிரைத்திறனைத் தருகிறது. சுமை குறைந்த வேளையில் நான்கு சிலிண்டர்களில் இரண்டை உறங்க வைத்து, சோதனையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, என் மனத்தில் உள்ள குறையையும் சொல்லியாக வேண்டும். 113 கிராம் என்ற அந்த இலக்கு எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றல்ல. விற்கும் கார்களின் சராசரி எடை 100 கிலோ கூடினால், ஏறக்குறைய நாலரைக் கிராம் தளர்வு கிடைக்கும்படி சூத்திரம் வகுக்கப்பட்டிருக்கிறது. 1991-இல் கனத்த காருக்குக் கிடைத்த சலுகை வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் என்ஜினின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது; வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது; அந்த எதிர்ப்பைக் குறைக்கத் தாழ்ந்த, நீண்ட, பின்புறம் சரிந்த செடான் உடலைவிட ஏற்ற குடும்ப வாகனம் கிடையாது. குற்றம் செய்தது பழைய என்ஜின், உடல் அல்ல. ஆனால் நான்கு மீட்டருக்குக் குறைந்த காருக்கு 2006-இல் தொடங்கிய வரிச் சலுகையும், எடைக்குக் கிடைக்கும் இந்தத் தளர்வும் சேர்ந்து உடலையும் தண்டித்துவிட்டன. எரிபொருள் விதிகளின் அடுத்த கட்டத்தை வகுப்போர் எடைக்கான தளர்வைப் பாதியாகவேனும் குறைத்தால், கப்பலூர் தாண்டிய நேர்ச்சாலையில் குறைந்த பெட்ரோலில் நிறைந்த வேகத்தோடு ஓடக்கூடிய செடான்களைச் செய்ய நிறுவனங்களுக்கு மறுபடியும் ஒரு காரணம் கிடைக்கும். அவற்றுக்கான என்ஜின்கள் ஏற்கெனவே தயாராக இருக்கின்றன.