பெயர் மறைந்தோரின் அட்டைகள்

அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் விளையாட்டு பேஸ்போல். பந்தும் மட்டையும் கொண்டு ஆடப்படுவதால் அது கிரிக்கெற்றுக்கு ஒருவகையில் உறவுடையது எனலாம். பேஸ்போல் வீரரின் படம் பொறித்த சிறு அட்டைகளைச் சேர்க்கும் வழக்கம் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தோன்றியது. சிகரெட் கொம்பனிகள் பெட்டி நசுங்காதிருக்கவும், வாங்குவோரைக் கவரவும் அட்டையொன்றை உள்ளே வைத்தன. பின்னர் சூயிங்கம் விற்போரும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர்.

இவ்வட்டைகளுட் சில இன்று பெரும் பொருள் பெறுகின்றன. 1952ஆம் ஆண்டில் டொப்ஸ் கொம்பனி வெளியிட்ட மிக்கி மான்டிலின் அட்டையொன்று, 2022ஆம் ஆண்டில் 126 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. மான்டில் பெரும்புகழ் வாய்ந்த வீரர். ஆகவே அதில் வியப்பில்லை எனலாம். ஆயின் அதிகம் அறியப்படாத ஆட்டக்காரர் சிலரின் அட்டைகளையும் சேகரிப்போர் தேடி அலைவது எதனால்?

அதற்கு முதற்காரணம் அருமை. 1952ஆம் ஆண்டுத் தொகுதியில் 311 முதல் 407 வரை எண்ணிட்ட அட்டைகள் பருவ முடிவில் வெளிவந்தமையால் பெருமளவில் விற்பனையாகவில்லை. எஞ்சியவற்றை 1960ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் கொட்டியதாக, அக்கொம்பனி அலுவலர் சை பேர்கர் பிற்காலத்தில் கூறினார். 311ஆம் எண் மான்டிலுக்குரியது. அவருடன் அவ்வரிசையில் இடம்பெற்ற சாதாரண ஆட்டக்காரரின் அட்டைகளும் அதனாலேயே கிடைத்தற்கரியனவாயின.

சில வேளை பிழையும் அருமையை உண்டாக்கும். 1909 முதல் 1911 வரை வெளிவந்த சிகரெட் அட்டைத் தொகுதியொன்றில், ஜோ டொயில் என்னும் பந்துவீச்சாளரை நெஷனல் லீக்கைச் சேர்ந்தவராகத் தவறாக அச்சிட்டுவிட்டனர். தவறு விரைவில் திருத்தப்பட்டது. திருத்துமுன் வெளியேறிய சில அட்டைகளே இன்று பெருவிலை பெறுகின்றன.

இரண்டாவது காரணம் அட்டையின் நிலை. 1952ஆம் ஆண்டுத் தொகுதியின் முதலாம் எண் அன்டி பாஃப்கோவுக்குரியது. அவர் நல்ல ஆட்டக்காரரே; எனினும் மான்டிலுக்கு நிகரானவரல்லர். சிறுவர் அட்டைகளை எண்வரிசையில் அடுக்கி இறப்பர் வளையமிட்டுக் கட்டியபோது, மேலேயிருந்த பாஃப்கோவின் அட்டையே தேய்ந்து மடிந்தது. ஆதலின் பழுதுறாத பாஃப்கோ அட்டை மிக அரிது. 1998ஆம் ஆண்டில் அத்தகையதொன்று எண்பதாயிரம் டொலருக்கு மேல் விலைபோயிற்று.

எனினும், பழமை ஒன்றே விலை தருமென எண்ணுதல் தவறு. சாதாரண ஆட்டக்காரரின் பழைய அட்டைகளிற் பெரும்பாலானவை இன்றும் சொற்ப விலைக்கே கிடைக்கின்றன. அருமையும் நன்னிலையும் வாங்குவோரின் விருப்பமும் ஒன்றுசேர்ந்தாலன்றி விலை உயர்வதில்லை.

அவ்வாறாயின் விலைபெறாத அட்டைகளால் பயனில்லையோ? ஜெபர்சன் பேர்டிக் என்பார் அவ்வாறு கருதவில்லை. மூட்டுவாத நோயால் வருந்திய அவர், முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பேஸ்போல் அட்டைகளை நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் கலை நூதனசாலைக்கு நன்கொடையாக அளித்தார். 1947 முதல் 1963இல் தாம் இறக்கும் ஆண்டுவரை அங்கு சென்று, தம் சேகரிப்பைத் தொகுதி தொகுதியாக ஏடுகளில் ஒட்டிவைத்தார். ஒரு தொகுதி நிறைவுபெற வேண்டுமாயின் புகழ்பெற்றவர் மட்டும் போதாது. ஓரிரு பருவம் ஆடி மறைந்தவரும் அதில் இருத்தல் வேண்டும். அத்தகையோர் பலரின் முகமும் பெயரும் இன்றுவரை நிலைத்திருப்பதற்கு இச்சிறு அட்டைகள் பெருந்துணையாயின.