கட்டடத்துக்குக் காசு உண்டு, கரண்ட் பில்லுக்கு?

மாலையில் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தரும் கல்லூரி மாணவர்கள். ரத்தம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தவுடன் கொடையாளரைத் தேடிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறவர்கள். ஏரிக்கரையில் சீமைக்கருவேலத்தை அகற்றிவிட்டுப் பனை விதை ஊன்றுகிறவர்கள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு குழுவாவது இல்லாத ஊர் அபூர்வம். 2015 வெள்ளத்தில் சென்னையின் தெருக்களில் முதல் அடுப்பை மூட்டியவர்கள் இவர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடை இளைஞர்கள் நிவாரணப் பொட்டலத்தோடு நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டே ஊர்க்காசைத் திரட்டிக் குளம் தூர்வார இறங்கினார்கள்.

பெரிய பகையால் இந்தக் குழுக்கள் அழிவதில்லை, சின்னச் செலவுகளால்தான் நின்றுபோகின்றன. வாடகை, கரண்ட் பில், ஆடிட்டர் கட்டணம், தாலுகா ஆபீசுக்கு நாலு முறை போய்வரும் பஸ் காசு. இதையெல்லாம் முதலில் செயலாளர் கைக்காசில் போடுவார். பிறகு அவருக்குக் கல்யாணம் ஆகும், வேலை வெளியூருக்கு மாறும். குழு கலையும். உதவி செய்யும் மனம் நம் ஊர்களில் வற்றவில்லை. அரசு, கம்பெனி, தனிநபர் என்று நன்கொடைக்கான பணமும் நிறையவே புழங்குகிறது. ஆனால் அந்தப் பணத்துக்குப் போடப்பட்டிருக்கும் வழிகள் பெரும்பாலும் சிறிய குழுக்களின் வாசலுக்கு வருவதில்லை.

பதிவு என்னும் முதல் படி

பத்துப் பேர் சேர்ந்து நல்லது செய்ய யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் பணம் என்று வந்துவிட்டால் கதை வேறு. குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதற்கு பான் எண் வேண்டும், அதற்குப் பதிவு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதிவு செய்யலாம். ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவைப் பதிவாளருக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் எழுதி அறக்கட்டளையாகப் பதியலாம். அறக்கட்டளை தொடங்குவது எளிது, முடிவெடுக்கும் கை மட்டும் சில அறங்காவலர்களிடம் தங்கிவிடும். ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் குழுவுக்குச் சங்கமே பொருத்தம் என்பது என் எண்ணம். அதில் தலைவரை மாற்ற வழி இருக்கிறது.

பதிவில்லாத குழுக்கள் என்ன செய்கின்றன? செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு நன்கொடை வாங்குகின்றன. அவர் நேர்மையானவராகவே இருப்பார். ஆனாலும் அவருடைய சம்பளமும் ஊர்ப்பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால், ஒருநாள் யாராவது கணக்குக் கேட்கும்போது பதில் சொல்ல முடியாது. பணம் காணாமல் போகாமலேயே பெயர் கெட்டுவிடும். நன்கொடை தருகிறவர்கள் முதலில் செய்யக்கூடிய உதவி இதுதான்: பதிவுச் செலவையும் முதல் ஆண்டு ஆடிட்டர் கட்டணத்தையும் ஏற்பது. போர்டில் பெயர் வராது, குழுவுக்கு ஆயுள் கூடும்.

கம்பெனிப் பணம் யாருக்கு?

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு சமூகப் பொறுப்பு நிதியைக் கட்டாயமாக்கியது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிச் செலவிடும் வெளி அமைப்புக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் வேண்டும், மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்திலும் தனியாகப் பதிய வேண்டும். ஏமாற்றுக்காரர்களை வடிகட்டத்தான் இந்த விதிகள். அந்தத் தேவையை மறுக்க முடியாது. ஆனால் சல்லடையின் கண் ஒரே அளவு. கோடிகளைக் கையாளும் தொண்டு நிறுவனத்துக்கும், ஆண்டுக்குச் சில ஆயிரம் செலவிடும் படிப்பகத்துக்கும் ஒரே காகிதங்கள். கம்பெனி அதிகாரியின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் பெருந்தொகைக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர், ஐம்பது குழுக்களுக்குப் பிரித்துத் தருவாரா, ஒரே பெரிய அமைப்பிடம் தருவாரா?

நன்கொடை தருகிறவருக்கு வரிக்கழிவு தரும் 80ஜி சலுகையின் பலமும் குறைந்துவருகிறது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. இயல்புத் தேர்வாகிவிட்ட புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. வரி மிச்சமாகும் என்று சொல்லி நன்கொடை கேட்ட காலம் மாதச் சம்பளக்காரர்களிடம் மெல்ல முடிகிறது. இனி வேலையைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டு நன்கொடையில் நடந்தது இதைவிடக் கடுமை. முன்பு பெரிய தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டு நிதியைப் பெற்று, கிராமத்தில் வேலை செய்யும் சிறிய குழுக்களுக்குப் பகிர்ந்து தந்தன. விண்ணப்பம் எழுதுவது, அறிக்கை தயாரிப்பது எல்லாம் பெரியவர் பொறுப்பு. களப்பணி சிறியவர் பொறுப்பு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் கொண்டுவந்த திருத்தம் அந்தப் பகிர்வை முற்றாகத் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. நேரடியாகப் பதிவு பெற நினைக்கும் குழு மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். கைக்காசில் இரவுப் பாடசாலை நடத்துபவர்கள் அந்தத் தொகைக்கு எங்கே போவார்கள்?

அரசின் கை

மாநில அரசின் நமக்கு நாமே திட்டம் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஆட்சி மாறியபோது தன்னிறைவுத் திட்டம் ஆனது, 2021-க்குப் பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் என்பது இதன் அடிப்படை. பள்ளிச் சுற்றுச்சுவர், நூலகக் கட்டடம், பூங்கா, சாலை என்று நிறைய நடந்திருக்கிறது. ஊர்க்காரர் பணம் போட்ட சுவருக்கு ஊர்க்காரரே காவல். அந்த வகையில் இது நல்ல ஏற்பாடு.

ஆனால் இது சொத்து உருவாக்கும் திட்டம். நூலகம் கட்ட ஊர் ஒரு பங்கு போட்டால் அரசு இரண்டு பங்கு போடும். அதைத் தினமும் திறந்து, விளக்குப் போட்டு, பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு மாதம் ஒரு சிறு தொகை தர அங்கே தலைப்பு இல்லை. கம்பெனிகளும் அப்படியே. பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருவார்கள், அது பழுதானால் யார் சரிசெய்வது என்பது திட்ட அறிக்கையில் இருக்காது. கல்வெட்டு வைக்க முடிந்த செலவு மட்டுமே கொடையாகிவிட்டது என்பதுதான் இந்தத் துறையின் தீராத நோய்.

இதற்கு மாற்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குத் தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரி மாவட்டம் தொடக்கக் களமானது. அங்கே முதலில் பார்த்தது கட்டடத்தை அல்ல, பழக்கத்தை: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல். ஒரு குழு அந்த ஒழுங்கைக் காட்டினால் சுழல்நிதியும் வங்கிக் கடனும் தேடிவரும். கணக்கு எழுதக் கற்றுத்தரும் பயிற்சிக்கு அரசே செலவு செய்தது. அதே முறையை ஏன் படிப்பகங்களுக்கும் ஏரிக் குழுக்களுக்கும் நீட்டவில்லை என்று நான் ஆதங்கத்தோடு கேட்கிறேன்.

இன்னும் தெளிவான பாடம் கேரளத்தில் இருக்கிறது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவச் சங்கம், சில ஆண்டுகளில் மலப்புரத்து ஊர்களுக்குப் பரவியது. படுத்த படுக்கையான நோயாளியை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள். பணம் வருவது கடை உண்டியலிலிருந்தும், பள்ளிப் பிள்ளைகளின் சில்லறையிலிருந்தும், மாதாமாதம் தரும் சிறு சந்தாவிலிருந்தும். 2008-இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. உள்ளாட்சிகள் தங்கள் நிதியில் செவிலியரை அமர்த்தின, மருந்துச் செலவை ஏற்றன. குழுக்களை அரசு விழுங்கவில்லை. மக்களால் ஆகாத செலவை மட்டும் எடுத்துக்கொண்டது.

சிறு தொகை தொடர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பது நமக்கும் தெரியாததல்ல. விருதுநகரில் வணிகர்கள் சரக்குக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமையும் வீடுகளில் எடுத்துவைத்த பிடி அரிசியும் பள்ளிகளை வாழவைத்தன. காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை அப்படி வளர்ந்தது. மகமை சாதிக்குள் திரட்டிய பணம் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஒழுங்கைச் சாதி தாண்டி ஊர் முழுமைக்கும் கொண்டுவருவது நம் காலத்து வேலை.

நூறு வீடுகள் மாதம் ஐம்பது ரூபாய் தந்தால் ஐயாயிரம். ஒரு மாலைநேர வகுப்பின் வாடகையும் மின்கட்டணமும் அதில் அடங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பதாயிரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறவரைவிட, மாதம் ஐம்பது தருகிறவர் குழுவுக்குப் பெரிய பலம். அவர்தான் கணக்குக் கேட்பார். கணக்குச் சொல்ல இடமும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அங்கே உங்கள் ஊர்க் குழு தன் வரவு செலவை வாசிக்கட்டும். வாசித்த குழுவுக்கு ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையையும் அதன் மின்கட்டணத்தையும் தரச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள்.